கிட் கார் கட்டப் போகிறீர்களா? முன்பணம் கட்டுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள்

கிட் கார் என்றால் பாகங்களாக வாங்கி நீங்களே பூட்டிக்கொள்ளும் கார். பட்டறை வாசலில் அப்படி இன்னொரு பாதிக் கார் வந்து நிற்கிறது. டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இரும்புக் குழாய்ச் சட்டகம், அதன்மேல் பொருத்தாமல் சும்மா தூக்கி வைத்த ஃபைபர் பாடி, கூடவே ஒரு வேன் நிறைய அட்டைப்பெட்டிகள். எந்தப் பெட்டியிலும் உள்ளே இருப்பது என்ன என்று எழுதவில்லை. போல்ட், நட், வாஷர் எல்லாம் ஒரே வாளியில் கிடந்தன.

"சார், முக்கால்வாசி முடிந்துவிட்டது. வயரிங்கும் பிரேக்கும்தான் பாக்கி" என்றார் கொண்டுவந்தவர். அந்தக் காருக்கு அவர் மூன்றாவது உரிமையாளர்.

விளக்கைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். பின்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் பைப், எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து ஒரு விரல் இடைவெளியில், பிளாஸ்டிக் டையால் கட்டப்பட்டிருந்தது. எஞ்சின் சூடானால் முதலில் அந்த டை உருகும். பிறகு பைப் போய் எக்ஸாஸ்டில் சாயும். உள்ளே பிரேக் ஆயில் கொதிக்கும். முன்பக்கக் கீழ் விஷ்போனை, அதாவது சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைக்கும் கையைப் பிடித்திருந்த நைலாக் நட்டை ஸ்பேனர் இல்லாமல், விரல்களாலேயே கழற்றிவிட்டேன். பலமுறை கழற்றி மாட்டியதில் உள்ளே இருக்கும் நைலான் வளையம் தேய்ந்து பிடிப்பை இழந்திருந்தது. முன்சக்கரம் வண்டியோடு நிற்பதே அந்த நட்டை நம்பித்தான்.

இப்படிப்பட்ட கார்கள் ஒன்று மாற்றி ஒன்றாக வருகின்றன. கட்டியவர்கள் யாரும் அறிவில்லாதவர்கள் அல்லர். பெரும்பாலோர் படித்தவர்கள், கார் மீது உண்மையான ஆசை உள்ளவர்கள். ஆசையோடு தொடங்கிய வேலை பல வருடம் தூசி படிந்து, கடைசியில் பாதி விலைக்குக்கூடப் போகாமல் கைமாறுவதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. தொடங்கலாமா வேண்டாமா என்ற யோசனையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தொடங்கியவர்களிடம் சொல்லி அதிகப் பயனில்லை.

எல்லாரிடமும் நான் கேட்பது ஒரே கேள்வி. உங்களுக்கு அந்தக் காரை ஓட்ட ஆசையா, கட்ட ஆசையா? ஓட்டத்தான் ஆசை என்றால், அதே மாடலில் ஒருவர் கட்டி முடித்து, பதிவு செய்து, ஓட்டிக்கொண்டிருக்கும் காரை வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர் செலவழித்ததைவிடக் குறைவாகவே விலை சொல்வார். கட்டுவதே பிடித்திருக்கிறது, ஒரு மாலை முழுக்க ஒரே ஒரு பிராக்கெட்டைச் சரியாக உட்கார வைத்துவிட்டுத் திருப்தியாகத் தூங்கப் போக முடியும் என்றால், நீங்கள் கட்ட வேண்டிய ஆள்.

இனி, எனக்கு மிகவும் எரிச்சல் தரும் நம்பிக்கைக்கு வருகிறேன்: "எல்லாம் பெட்டியில் வருகிறது, பூட்டினால் போதும், இத்தனை மணி நேரத்தில் முடிந்துவிடும்."

விற்பவர்கள் சொல்லும் மணிக்கணக்கைச் சற்று யோசித்துப் பாருங்கள். அது யாருடைய மணி? அந்தக் காரை ஏற்கெனவே பலமுறை கட்டியவருடைய மணி. அவருக்கு எந்த போல்ட் எந்த ஓட்டையில் போகும் என்று தெரியும். கருவிகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். உங்கள் கணக்கு வேறு. பெட்டியைப் பிரித்துப் பட்டியலோடு சரிபார்க்கும் நேரம் அதில் சேராது. விடுபட்ட பாகத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கும் வாரங்கள் சேரா. சட்டகத்தில் பவுடர் பெயின்ட் அடித்தபோது அடைபட்ட மரைகளைச் சுத்தம் செய்யும் நேரம் சேராது. ஒரு பக்கம் பொருந்திய பாகம் மறுபக்கம் மூன்று மில்லிமீட்டர் தள்ளி நிற்கும்போது, தவறு உங்களுடையதா தயாரிப்பாளருடையதா என்று கண்டுபிடிக்கும் நேரம் சேராது. மாட்டியதைக் கழற்றி மீண்டும் மாட்டுவது சேரவே சேராது. ஆனால் முதல் காரைக் கட்டுகிறவர் ஏறக்குறைய எல்லாவற்றையும் இரண்டு முறை மாட்டுவார்.

பழைய காரிலிருந்து எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சு, ஸ்டியரிங் ஆகியவற்றை எடுத்துப் பயன்படுத்தும் கிட் என்றால் கணக்கு இன்னும் நீளும். பிரிட்டனில் நெடுங்காலம் ஃபோர்டு சியராவும், பிறகு மாஸ்டா எம்எக்ஸ்-5 காரும் இப்படிப் பாகங்களைத் தரும், விருப்பமான தானக் கார்களாக இருந்தன. அப்படி ஒரு காரைப் பிரிப்பது, எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுவது, துருவைச் சுரண்டுவது, தேய்ந்த புஷ், பேரிங், காலிப்பர் சீல்களை மாற்றுவது எல்லாம் காரைக் கட்டத் தொடங்குவதற்கு முந்தைய வேலை. பலருடைய ஆர்வம் இங்கேயே பாதி கரைந்துவிடுகிறது.

சாதாரணக் கணக்கே போடுவோம். 300 மணி நேர வேலை என்று வையுங்கள். வாரம் ஐந்து மணி நேரம் ஒதுக்கினால் 60 வாரம். அது 600 ஆனால் இரண்டு வருடத்துக்கும் மேல். அந்த ஐந்து மணி நேரமும் மழை, காய்ச்சல், குழந்தையின் பரீட்சை, அலுவலக நெருக்கடி எதற்கும் விட்டுக்கொடுக்காத ஐந்து மணி நேரமாக இருக்க வேண்டும். இருக்குமா? உங்கள் குடும்பத்தாரைக் கேளுங்கள். உங்களைவிட அவர்கள் சரியாகச் சொல்வார்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சட்டகத்தில் சஸ்பென்ஷனும் எஞ்சினும் ஏறி, சக்கரம் மாட்டி, மேலே பாடியை வைத்துப் பார்க்கும் கட்டம் சீக்கிரமே வந்துவிடும். படம் எடுப்பார்கள், நண்பர்கள் பாராட்டுவார்கள், முக்கால்வாசி முடிந்தது என்று தோன்றும். என் அனுபவத்தில் அப்போது பாதிகூட முடிந்திருக்காது. வயரிங், குளிர்விப்புக் குழாய்கள், பெட்ரோல் லைன், கதவும் பானெட்டும் இடைவெளி மாறாமல் உட்காருவது, கண்ணாடி, இருக்கை, பெல்ட் என்று மீதி எல்லாமே மெதுவான வேலை. ஒரு நாள் முழுக்க உழைத்தாலும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. கைவிடப்பட்டு என்னிடம் வரும் கார்களில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்தில்தான் நின்றிருக்கின்றன.

செலவு மிச்சமாகும் என்ற எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. லோட்டஸ் என்ற பிரிட்டிஷ் கார் நிறுவனம் 1957இல் செவன் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தபோது, பிரிட்டனில் முழுக் காருக்கு விற்பனை வரி இருந்தது. பாகங்களாக வாங்கி நீங்களே பூட்டினால் அந்த வரி இல்லை. பூட்டும் முறையை எழுதித் தரக் கூடாது என்பதால் கழற்றும் முறையை எழுதித் தந்தார்கள், வாங்கியவர்கள் அதைத் தலைகீழாகப் பின்பற்றினார்கள் என்று இந்தத் துறையில் இன்றும் சொல்வார்கள். 1973இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததோடு அந்தச் சலுகை போய்விட்டது. அதே ஆண்டு செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. சலுகை போய் ஐம்பது வருடமாகியும் 'மலிவு' என்ற நினைப்பு மட்டும் போகவில்லை. விளம்பர விலையில் எஞ்சின் இருக்கிறதா, டயர் இருக்கிறதா, பெயின்ட், இருக்கை, ஆயில்கள், காப்பீடு, பரிசோதனைக் கட்டணம் இருக்கின்றனவா என்று வரி வரியாகப் பாருங்கள். அதன் பிறகு கருவிகளின் விலையையும் சேருங்கள்.

பதிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் கோபமாகவே சொல்கிறேன். "முதலில் கட்டிவிடுகிறேன், பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். வீட்டில் கட்டிய காரைச் சாலைக்குக் கொண்டுவர சில நாடுகளில் நடைமுறை வழியே இல்லை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். பிரிட்டனில் தெளிவான வழி உண்டு. 2009 முதல் ஐவிஏ எனப்படும் தனி வாகனப் பரிசோதனை நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பரிசோதனை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஓர் உதாரணம்: 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை காரின் வெளிப்பக்கத்தில் தொடக்கூடிய இடங்களில் இருக்கும் விளிம்புகள் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும். பாதசாரி மீது மோதினால் வெட்டக் கூடாது என்பதற்காக. வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. இவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டு கட்டினால் பெரிய கூடுதல் வேலை இல்லை. கட்டி முடித்துப் பெயின்ட் அடித்த பிறகு தெரிந்துகொண்டால் முழுப் பாடியையும் மீண்டும் தொட வேண்டும். ஆகவே உங்கள் ஊர் விதிப் புத்தகத்தை வாங்குவது முதல் செலவாக இருக்கட்டும். முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு ரசீதையும் சேர்த்து வையுங்கள், ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுங்கள். எஞ்சின் யாருடையது, எந்தக் காரிலிருந்து வந்தது என்று நிரூபிக்க முடியாமல் திண்டாடுபவர்கள் ஏராளம்.

வீட்டுக் கொட்டகையில் கட்டுவதென்று முடிவு செய்பவர்கள் கேட்டே ஆக வேண்டியவை சில உண்டு. ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். ஒரு நிமிட வேலைக்குக்கூடப் போகாதீர்கள். ஸ்டாண்டுகள் வாங்குங்கள், சமதளத்தில் நிறுத்துங்கள், உலுக்கிப் பார்த்த பிறகு போங்கள். மூடிய அறையில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து குழியில் தேங்கும். அதே அறையில் சுடரோடு எரியும் ஹீட்டர் இருந்தால் பெட்ரோல் லைன் வேலையை அங்கே செய்யவே கூடாது. ஃபைபர் வேலைக்கான ரெசினில் கலக்கும் ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அந்த பாட்டிலைத் திறக்காதீர்கள். இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பெயின்டில் பெரும்பாலும் ஐசோசயனேட் இருக்கும். அதைச் சுவாசித்து ஆஸ்துமா வந்தால் வாழ்நாள் முழுக்கத் தொல்லை. தூசிக்கு அணியும் சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்று தரும் கவசம் வேண்டும். அது இல்லையென்றால் பெயின்டை வெளியே கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள்.

போல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பளபளப்பாக இருக்கிறது, துருப்பிடிக்காது என்று சஸ்பென்ஷனில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுகிறார்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 தர ஸ்டெயின்லெஸ் போல்ட் சுமார் 450 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். தலையில் 8.8 என்று பொறித்த எஃகு போல்ட் 640 வரை தாங்கும். தயாரிப்பாளர் எந்தத் தரம் சொன்னாரோ அதையே போடுங்கள். நைலாக் நட்டைக் கழற்றினால் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள். சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கோடு இல்லாத நட் இறுக்காத நட் என்று வைத்துக்கொண்டால், பல மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தாலும் எங்கே விட்டோம் என்று தெரியும்.

ஃபைபர் பாடியில் மின்சாரம் பாயாது. சாதாரணக் காரில் பாடியே எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி, ஆகிவிடுவதால் இது பலருக்குத் தோன்றுவதே இல்லை. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் சட்டகத்துக்கோ பேட்டரிக்கோ போக வேண்டும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கு மின்னுகிறது என்று வரும் கார்களில் முதலில் நான் பார்ப்பது இதைத்தான். பிரேக் பைப் முனைகளை விரித்து மடிப்பதில் இரண்டு விதம் உண்டு. ஒன்றுக்கான இணைப்பில் மற்றொன்றை மாட்டினால் கசியும். அதில் பழக்கமில்லாதவர்கள் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் கட்டி முடித்ததும் தொழில் தெரிந்த ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். அதற்காகக் கேட்டால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

இவ்வளவு படித்தும் ஆசை குறையவில்லை என்றால் எனக்கு மகிழ்ச்சிதான். நன்றாகக் கட்டி முடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் காரைப் பற்றிப் பேசும்போது முகமே வேறு மாதிரி இருக்கும். அவர்களில் பலர் செய்த ஒரு காரியத்தை நீங்களும் செய்யுங்கள். கிட் வாங்குவதற்கு முன், உங்களிடமுள்ள பழைய காரின் ஒரு பக்க சஸ்பென்ஷனையும் பிரேக்கையும், அனுபவசாலி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முழுதாகக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிப் பாருங்கள். கைவலியும் கறையும் போன பிறகு, மறுபக்கத்தையும் செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தோன்றுகிறதா என்று கவனியுங்கள். வாங்க நினைக்கும் மாடலில் முடிந்த கார் ஒன்றைத் தேடிப்போய் உள்ளே உட்காருங்கள். உயரமானவர்களுக்குக் கால் நுழையாத மாடல்கள் உண்டு. கொட்டகையின் தரையில் காரின் அளவுக்குச் சாக்பீஸால் கோடு போட்டு, சுற்றிலும் நடக்கவும், எஞ்சினைத் தூக்கும் கிரேனை உருட்டவும், கழற்றிய பாடியைச் சாய்த்து வைக்கவும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பாடி வீட்டு முற்றத்தில்தான் கிடக்கும்.

கடைசியாக விற்பவரைப் பற்றி. இந்தத் துறையில் பல நிறுவனங்கள் நாலைந்து பேர் நடத்தும் சிறிய பட்டறைகள். கைமாறுவதும் மூடுவதும் புதிதல்ல. பணம் முழுவதையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள். அந்த மாடலைக் கட்டி முடித்துப் பதிவும் செய்தவர்கள் யார் யார் என்று கேட்டு, அவர்களில் ஒருவரிடமாவது நேரில் பேசுங்கள். பெட்டியில் வராத பாகங்கள் எவை என்று முழுப் பட்டியலை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தரத் தயங்குபவரிடம் முன்பணம் கட்டாமல் திரும்பி வந்துவிடுங்கள்.