லேப் செலவுக்கு உங்கள் கார்டை நீட்டாதீர்கள்: லேண்ட் கிராண்ட் பல்கலைக்கழகங்களில் கருவி வாங்கும் விதிகள்

அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு ஆராய்ச்சி செய்ய வரும் நம் பிள்ளைகளில் பலர் முதல் வருடமே மாட்டிக்கொள்ளும் இடம் இது. புரபசருக்கு ஒரு சென்சார் அவசரமாக வேண்டும். “இப்போதைக்கு உன் கார்டில் போட்டுவிடு, அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்” என்பார். அந்த அப்புறம் எளிதில் வராது. உதவித்தொகையில் மாதத்தை ஓட்டும் மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் செலவைத் தங்கள் கார்டில் சுமந்து வட்டி கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஏன் பணம் வரவில்லை என்று கேட்டால், “முன் அனுமதி இல்லை” என்ற ஒரு வரிதான் பதில்.

பல்கலைக்கழகத்தின் சார்பில் பொருள் வாங்க இரண்டே வழி: பல்கலைக்கழகமே விற்பவருக்கு அனுப்பும் பர்ச்சேஸ் ஆர்டர், இல்லையென்றால் துறையின் கார்டு. சொந்தப் பணத்தில் வாங்கினால் அதைத் திருப்பித் தரும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை. தந்தாலும் பல இடங்களில் விற்பனை வரியைக் கழித்துவிடுவார்கள். அந்த இடங்களில் பல்கலைக்கழகத்துக்கு அந்த வரி கிடையாது, உங்களுக்கு உண்டு. ரசீதைக் கொடுக்க 60 நாளுக்கு மேல் ஆனால், வரும் பணத்தை உங்கள் வருமானமாகக் கணக்கிட்டு வரி பிடிக்கும் இடங்களும் இருக்கின்றன. புரபசர் வாய்வார்த்தையாகச் சொன்னால், “சரி சார், துறை அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டுவிடுகிறேன்” என்று பணிவாகச் சொல்லிப் போட்டுவிடுங்கள். அந்த மெயில்தான் உங்கள் காப்பு.

பின்னணி கொஞ்சம். 1862 மோரில் சட்டப்படி மத்திய அரசு கொடுத்த நிலத்தை மூலதனமாக வைத்து வளர்ந்தவை இந்த லேண்ட் கிராண்ட் பல்கலைக்கழகங்கள். பர்டூ, கார்னெல், டெக்சஸ் ஏ அண்ட் எம் எல்லாம் இந்த வரிசைதான். அந்தப் பணத்தில் கட்டடம் கட்டவோ பழுது பார்க்கவோ கூடாது என்று அந்தச் சட்டமே சொன்னது. சந்தேகப்படும் குணம் பிறவியிலேயே வந்தது போலிருக்கிறது. இன்று மத்திய அரசுப் பணத்துக்கு யூனிஃபார்ம் கைடன்ஸ் என்ற விதித்தொகுப்பு. அதற்கு மேல் மாநில விதி, பல்கலைக்கழக விதி, துறையின் வழக்கம். இவற்றில் எது கடுமையோ அதுதான் செல்லும்.

முதலில் எந்தக் கணக்கிலிருந்து பணம் வருகிறது என்று கேளுங்கள். வேளாண் ஆராய்ச்சிக்கு மத்திய அரசு தரும் 1887 ஹேட்ச் சட்ட நிதி என்றால், அதிலிருந்து பல்கலைக்கழகம் ஓவர்ஹெட் (நிர்வாகச் செலவுக்கென்று பிடிக்கும் பங்கு) எடுக்க முடியாது. மாணவர்களே, அதில் டியூஷன் தள்ளுபடியையும் எழுத முடியாது. உங்கள் அசிஸ்டன்ட்ஷிப் (உதவித்தொகையோடு வரும் உதவியாளர் வேலை) ஹேட்ச் நிதியில் என்றால், டியூஷனை யார் கட்டுகிறார்கள் என்று சேரும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். மாநில நிதி என்றால் பெரும்பாலான மாநிலங்களில் ஜூன் 30 அன்று நிதியாண்டு முடியும். ஆனால் கொள்முதல் அலுவலகம் அதற்கு வாரக்கணக்கில் முன்பே ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிடும்.

அடுத்தது 10,000 டாலர் கண்ணி. 2024 அக்டோபர் முதல், ஓராண்டுக்கு மேல் உழைக்கும், 10,000 டாலரோ அதற்கு மேலோ விலையுள்ள பொருள்தான் மத்திய விதியில் ‘கருவி’. முன்பு 5,000. பல்கலைக்கழகம் பழைய எல்லையையே வைத்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமான மத்திய கிராண்ட்களில் (ஆராய்ச்சி நிதிகளில்) கருவிக்கு ஓவர்ஹெட் இல்லை, எல்லைக்குக் கீழே வரும் சில்லறைப் பொருளுக்கு உண்டு. ஓவர்ஹெட் 50 சதவீதம் என்று வையுங்கள்: 9,800 டாலர் பொருள் உங்கள் கிராண்டிலிருந்து 14,700 டாலரைத் தின்னும். 10,000 டாலர் பொருள் 10,000 மட்டும். விலை எல்லையைத் தாண்டட்டும் என்று நீட்டித்த வாரண்டியைச் சேர்ப்பவர்கள் உண்டு. ஆனால் அதுபோன்ற சர்வீஸ் ஒப்பந்தம் பெரும்பாலும் கருவி விலையில் சேராது. பல கம்பெனிகளிடம் போட்டி விலை கேட்டாக வேண்டிய வரம்பைத் தவிர்க்க ஒரே ஆர்டரை இரண்டாக உடைப்பது விதிமீறல். தணிக்கையில் முதலில் பிடிபடுவது அதுதான்.

ஒரே கம்பெனியிடம்தான் வாங்க வேண்டுமென்றால் சோல் சோர்ஸ் கடிதம் கேட்பார்கள். “இந்த பிராண்டு எங்களுக்குப் பழக்கம்” என்று எழுதினால் திரும்பி வரும். ஏற்கெனவே உள்ள கருவியோடு பொருந்த வேண்டும், பழைய தரவோடு ஒப்பிட வேண்டும், இந்த அளவு துல்லியம் மற்ற மாடல்களில் இல்லை என்று தொழில்நுட்பக் காரணம் வேண்டும். கம்பெனிக்காரர் எழுதிக்கொடுக்கும் கடிதத்தை அப்படியே ஒட்டாதீர்கள். கோட்டேஷனில் கையெழுத்தும் போடாதீர்கள். அந்த அதிகாரம் உங்களுக்கும் இல்லை, பெரும்பாலும் உங்கள் புரபசருக்கும் இல்லை.

அப்புறம் அலைச்சல். துறை அலுவலகம் கொள்முதல் அலுவலகத்தைக் கைகாட்டும். கொள்முதல், கிராண்ட் அலுவலகத்தைக் காட்டும். கிராண்ட் அலுவலகமோ புரபசரைக் கேட்கச் சொல்லும். “என் ஆர்டர் என்னாயிற்று” என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். ரெக்விசிஷன் (கொள்முதல் கோரிக்கை) எண்ணைப் போட்டு, “இது இப்போது யார் ஒப்புதலுக்காக நிற்கிறது?” என்று மூன்று அலுவலகத்தையும் ஒரே மெயிலில் சேர்த்துக் கேளுங்கள். யாரோ ஒருவர் பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மாட்டுக்கொட்டகைக்கு கேமரா வாங்குகிறவர்கள் கவனிக்க: ஹிக்விஷன், டாஹுவா கேமராக்களுக்கு மத்தியப் பணத்தைச் செலவிட முடியாது. சீனக் கம்பெனி ட்ரோன்களுக்கும் 2025 டிசம்பர் முதல் தடை. பழைய ட்ரோனை அந்தப் பணத்தில் பறக்கவிடுவதும் சிக்கல்தான்.

கிராண்ட் முடியும் தறுவாயில் பெரிய கருவி வாங்காதீர்கள். வேலை முடிந்தபின் கருவி எதற்கு என்று தணிக்கையாளர் கேட்பார், நியாயமான கேள்வி. கிராண்ட் முடிந்தபின் கிடைக்கும் 120 நாள், பழைய பில்லைக் கட்டிக் கணக்கை மூடத்தான்.

கருவி வந்ததும் டேக் ஒட்டுவார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் வந்து எண்ண வேண்டும் என்பது விதி. பொறுப்பாளர் என்று உங்கள் பெயர் இருந்தால், வீட்டுக்கோ வயலுக்கோ கொண்டுபோகும் முன் படிவம் நிரப்புங்கள். பட்டம் வாங்கிக் கிளம்பும்போது பெயரை மாற்றி, அதற்கு மெயிலில் உறுதியும் வாங்குங்கள். வேண்டாமென்று ஒதுக்கிய பழைய கருவியானாலும் தூக்கிக்கொண்டு போக முடியாது. அது சர்ப்ளஸ் கிடங்குக்குத்தான் போகும். புதிதாக ஒன்று வாங்கும் முன் அந்தக் கிடங்கின் பட்டியலைப் பாருங்கள். மேசை, ஃப்ரீசர், சில சமயம் மைக்ரோஸ்கோப்கூட, வெளியில் வாங்கும் அலைச்சல் இல்லாமல் கிடைக்கும்.