பிளாங்கில் கிடந்த நீல நூல்கள்

கடற்கரை மணலில் நுண்பிளாஸ்டிக் தேடும் வேலைக்கு வந்த புதிதில், ஒரு வடிதாளை நுண்ணோக்கியில் வைத்ததும் பதினோரு நீல நூல்கள் தெரிந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம்தான் சீட்டைப் பார்த்தேன். அது மணல் மாதிரியே இல்லை, மணல் சேர்க்காமல் மற்ற எல்லாப் படிகளையும் செய்து வைத்த பிளாங்க், அதாவது ஆய்வகத்திலிருந்தே என்ன கலக்கிறது என்று காட்டும் வெற்றுச் சோதனை. நூல்கள் என் பாலியெஸ்டர் துப்பட்டாவிலிருந்து உதிர்ந்தவை. அந்த வாரம் எண்ணியதெல்லாம் வீண். அன்றிலிருந்து ஆய்வகத்துக்குப் பருத்திதான்.

5 மில்லிமீட்டருக்குக் குறைந்த துணுக்குகளைத்தான் நுண்பிளாஸ்டிக் என்கிறோம். மணலிலிருந்து அதைப் பிரிக்க உப்புக் கரைசல் போதும்: மணல் அடியில் தங்கும், பிளாஸ்டிக் மிதக்கும். ஆனால் எல்லாப் பிளாஸ்டிக்கும் மிதக்காது. சாப்பாட்டு உப்பை எவ்வளவு கரைத்தாலும் கரைசலின் அடர்த்தி 1.2 அளவில் நின்றுவிடும். பை செய்கிற பாலிஎத்திலீன் அதில் மேலே வரும். தண்ணீர் பாட்டில் செய்கிற பெட், 1.38 அடர்த்திக்காரன், மணலோடு அடியிலேயே உட்கார்ந்துவிடுவான். அவனையும் மேலே கொண்டுவர துத்தநாக குளோரைடு வேண்டும். விலை அதிகம், நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு, தொட்டியில் கொட்டவும் கூடாது. வடிகட்டி வடிகட்டித் திரும்பப் பயன்படுத்துகிறோம். ஆக, ஒரே மணலை இரண்டு கரைசலில் போட்டால் இரண்டு எண்ணிக்கை வரும். இன்னொன்று, உப்பிலேயே நுண்பிளாஸ்டிக் இருக்கும். கரைசலை முதலில் வடிகட்டாமல் தொடங்கக் கூடாது.

மிதந்து வந்ததில் பாசி, இலைத்தூள் எல்லாம் இருக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி அவற்றைக் கரைப்போம். சூட்டை 60 டிகிரியைத் தாண்ட விடுவதில்லை, தாண்டினால் சில பிளாஸ்டிக்கே இளகிவிடும்.

மிச்சமிருப்பதைக் கண்ணால் பார்த்து முடிவு சொல்வதுதான் பெரிய ஆபத்து. சாயமேறிய பருத்தி நூலும் பாலியெஸ்டர் நூலும் நுண்ணோக்கியில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 2020ல் வெளியான ஓர் ஆய்வில், பல கடல்களில் எடுத்த சுமார் 2,000 இழைகளை, எது என்ன பொருள் என்று கோடுகளாகக் காட்டும் அகச்சிவப்பு நிறமாலையில் சோதித்தார்கள். செயற்கை இழைகள் 8 சதவீதம் அளவுதான். பெரும்பாலானவை பருத்தி போன்ற செல்லுலோஸ். நிறமாலையும் ஏமாற்றும். சில கையுறைகளில் தடவியிருக்கும் ஸ்டியரேட் உப்பு, பாலிஎத்திலீன் போலவே கோடு காட்டும்.

இதற்காகப் பிரச்சினையே பொய் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். 2021ல் கொழும்புக்கு அருகே எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்து கரையொதுங்கிய பிளாஸ்டிக் மணிகளைப் பார்க்க நுண்ணோக்கியே தேவைப்படவில்லை. நான் சொல்வது எண்களைப் பற்றி. 'ஒரு லிட்டரில் இத்தனை துகள்' என்று செய்தி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எவ்வளவு சிறிய துகள் வரை எண்ணினார்கள்? பிளாஸ்டிக்தான் என்று எதை வைத்து உறுதி செய்தார்கள்? பிளாங்கில் எத்தனை இருந்தது?

எங்களிடம் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொண்டுவருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கண்ணாடிப் பாட்டிலில், உலோக மூடி போட்டு, அதே தண்ணீரில் மூன்று தடவை அலசிவிட்டுப் பிடியுங்கள். குளிர்பான பாட்டிலில் கொண்டுவந்தால் நான் அதன் மூடியிலிருந்து உதிர்ந்ததையும் சேர்த்துத்தான் எண்ணிக் கொடுக்க வேண்டியிருக்கும்.