டாக்டர், ஜுரம் 102 இருக்கு... பயப்படணுமா?

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கமிருந்து என்னிடம் வரும் பெற்றோர் பெரும்பாலும் ஓர் எண்ணோடுதான் வருகிறார்கள். ஜுரம் 102. பேதி எட்டு தடவை. வெயிட் ஒன்பதரை கிலோதான். பிளேட்லெட் ஒரு லட்சம். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்ப்பார்கள். நான் அதைக் குறித்துக்கொண்டு, "சரிம்மா, கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனான்? ஏதாவது குடிச்சானா? எழுந்து விளையாடினானா?" என்று கேட்பேன். இந்த மூன்றையும் கவனித்து வைத்திருக்கும் அம்மாவின் பதில், தெர்மாமீட்டர் சொல்வதைவிட எனக்கு அதிகம் உதவும்.

ஜுரத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். 99 காட்டினால் அது ஜுரம் இல்லை. 100.4 தொட்டால்தான் ஜுரம். 103 அடித்த குழந்தை, மருந்து கொடுத்து ஒரு மணி நேரத்தில் எழுந்து அக்காவோடு சண்டை போடுகிறது என்றால் எனக்குப் பெரிய கவலை இல்லை. 100-தான் இருக்கிறது, ஆனால் தோளில் துவண்டு கிடக்கிறது, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஒரே ஒரு வயதில் மட்டும் எண்ணே போதும். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 வந்தால், சிரித்துக்கொண்டிருந்தாலும் சரி, நடு ராத்திரி ஆனாலும் சரி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். "ஜுரம் மூளைக்கு ஏறிடுமா?" என்ற பயம் பலருக்கு உண்டு. சாதாரணத் தொற்றில் வரும் ஜுரம் மூளையைக் கெடுப்பதில்லை.

அடுத்து மருந்து. "அஞ்சு எம்எல் குடுத்தேன் டாக்டர்" என்றால் நான் விடமாட்டேன், "எந்த பாட்டில்?" என்று கேட்பேன். பாராசிட்டமால் கடைகளில் வெவ்வேறு வீரியத்தில் கிடைக்கிறது. சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம். ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 120. இன்னொன்றில் 5 மில்லிக்கு 250. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. அப்படியென்றால் 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். சொட்டு மருந்தில் அது ஒன்றரை மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி, 120 சிரப்பில் ஏறக்குறைய 6 மில்லி. சிரப்புக்குச் சொன்ன 5 மில்லியைச் சொட்டு மருந்து பாட்டிலிலிருந்து எடுத்தால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். இப்படி இரண்டு நாள் தொடர்ந்தால் கல்லீரல் தாங்காது. ஆகவே வீட்டில் இருக்கிற பாட்டிலைக் கையோடு கொண்டுவாருங்கள், அல்லது லேபிளைப் போனில் படம் எடுத்து வாருங்கள். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும், ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் கூடாது. போன வருஷம் எழுதிக் கொடுத்த அளவை இந்த வருஷம் கொடுக்காதீர்கள், குழந்தையின் எடை மாறியிருக்கும். ஐஸ் தண்ணீரில் துடைக்க வேண்டாம். கெட்டியான போர்வையை எடுத்துவிட்டு, மெல்லிய துணி போட்டு, ஃபேன் ஓடட்டும்.

ஜுரத்தில் வலிப்பு வந்தால் வீடே அலறும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை நூறு குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்கு இது வரக்கூடும். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள், பல்லுக்கு நடுவே ஸ்பூனை வைப்பார்கள், வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள். மூன்றுமே வேண்டாம். ஸ்பூன் பல்லை உடைக்கும், தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மணியைப் பாருங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். சீக்கிரம் நின்றுவிட்டாலும், முதல் தடவை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மழைக்காலம் வந்துவிட்டால் எல்லாருக்கும் டெங்கு பயம். அது நியாயமான பயம். நம் தெருக்களில் மெட்ரோ வாட்டர் வரும் நேரத்தில் பிடித்து வைத்தால்தான் தண்ணீர், அதனால் வாசலில் டிரம், மாடிப்படிக்குக் கீழே குடங்கள். டெங்கு கொசு முட்டையிடுவது அந்த நல்ல தண்ணீரில்தான். டிரம்முக்கு மூடி இல்லையென்றால் பழைய வேட்டியையாவது இறுக்கிக் கட்டுங்கள், வாரம் ஒருமுறை உள்பக்கச் சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குவில் பெற்றோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மூன்று நாலு நாள் கழித்து ஜுரம் விடும்போது "அப்பாடா" என்று மூச்சு விடுவார்கள், ஆபத்து ஆரம்பிப்பதே அப்போதுதான். ஜுரம் விட்ட பிறகு வயிற்று வலி, விடாத வாந்தி, கை கால் சில்லிட்டுப்போவது, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், ஆறு மணி நேரமாக ஒண்ணுக்கு வராமல் இருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் ஓடி வாருங்கள். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணை மட்டும் வைத்து நாங்கள் எதையும் முடிவு செய்வதில்லை. இன்னொன்று, டெங்கு சந்தேகம் இருக்கும்போது மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஐப்யூபுரூஃபனோ மெஃபனமிக் ஆசிட்டோ (இவையும் வலி, ஜுர மருந்துகள்தான்) வாங்கிக் கொடுக்காதீர்கள். ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். பாராசிட்டமால் மட்டும் போதும்.

இப்போது பேதி. "ஓஆர்எஸ் குடுத்தேன் டாக்டர், நிக்கவே இல்ல" என்பார்கள். பேதியை நிறுத்துவது ஓஆர்எஸ்ஸின் வேலை அல்ல. போகும் தண்ணீரையும் உப்பையும் திருப்பித் தருவதுதான் அதன் வேலை, குழந்தையின் உயிரைக் காப்பது அதுதான். 1971-ல் வங்கதேச அகதிகள் எல்லையோர முகாம்களில் காலராவால் மடிந்துகொண்டிருந்தபோது, திலீப் மஹலனபிஸ் என்ற குழந்தைகள் நல மருத்துவர் இந்தக் கரைசலைப் பீப்பாய்களில் கலக்கி, உறவினர்கள் கையாலேயே கொடுக்க வைத்தார். நூற்றுக்கு 30 பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் அது 4-க்கும் கீழே இறங்கியது. ஒரு டம்ளர் உப்புச் சர்க்கரைத் தண்ணீர்தானே என்று யாராவது அலட்சியமாகச் சொன்னால் எனக்கு மனசு கேட்காது.

கலக்குவதில்தான் தப்பு நடக்கிறது. "எப்படிக் கலக்குனீங்க, சொல்லுங்க" என்று கேட்டால், ஒரு டம்ளர் தண்ணீரில் ரெண்டு ஸ்பூன் பொடி போட்டு, மீதிப் பாக்கெட்டை ரப்பர் பேண்டு போட்டு அலமாரியில் வைத்திருப்பதாகச் சொல்வார்கள். உப்பு அதிகமானால் குழந்தைக்கு ஆபத்து, குறைந்தால் பலன் இல்லை. பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு. காய்ச்சி ஆறிய தண்ணீரை ஒரு லிட்டர் வாட்டர் பாட்டில் நிறைய அளந்து எடுத்து, முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கொட்டிக் கலக்குங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கீழே ஊற்றிவிடுங்கள். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் உண்டு, எவ்வளவு தண்ணீர் என்று கவரைப் படியுங்கள். ரெண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூனால் ரெண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கொடுங்கள். பாட்டிலோடு வாயில் வைத்தால் மறுபடி கக்கிவிடும்.

அட்டைப்பெட்டியில் ஆரஞ்சு, ஆப்பிள் வாசனையோடு வந்த இனிப்புப் பானங்கள் பல வருஷமாக ஓஆர்எஸ் என்ற பெயரைப் போட்டுக்கொண்டு மருந்துக் கடையிலேயே விற்றன. சர்க்கரை அதிகமான அந்தப் பானம் பேதியைக் கூட்டும். ஹைதராபாத்தைச் சேர்ந்த டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாமல் போராடியபின், 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கூடவே துத்தநாக மருந்து, அதாவது ஜிங்க், 14 நாள். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். இட்லி, தயிர்சாதம், கஞ்சி எல்லாம் கொடுக்கலாம். "பல் முளைக்குது, அதான் பேதி" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். மலத்தில் ரத்தம், குழிவிழுந்த கண், அழுதால் கண்ணீர் வராதது, ஒண்ணுக்கு நின்றுபோனது, இவை தெரிந்தால் வீட்டு வைத்தியம் போதாது.

சளி, இருமல் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, நாம் இருக்கும் இடம் அப்படி. எண்ணூரை ஒட்டிய அத்திப்பட்டு அனல்மின் நிலையங்கள், மணலி ஆலைகள், துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகள், கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகை எல்லாம் நம்மைச் சுற்றித்தான். 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது, கண் எரிந்து மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் நள்ளிரவில் தெருவுக்கு ஓடிவந்தார்கள். இந்தக் காற்றை ஒரு தாயால் தனியாக மாற்ற முடியாது, அது அரசும் ஆலைகளும் செய்ய வேண்டியது, அதைக் கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் புகையையாவது நிறுத்தலாம். கொசுவர்த்தியை அணைத்துவிட்டு வலை கட்டுங்கள். குளித்ததும் குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவதை விட்டுவிடுங்கள். அப்பா மொட்டை மாடியில் பீடி பிடித்துவிட்டு வந்தாலும் சட்டையில் புகை ஒட்டியிருக்கும்.

"இன்ஹேலர் பழகிடுமே டாக்டர், சிரப் குடுங்களேன்." வீசிங் இருக்கும் குழந்தைக்கு இன்ஹேலர் எழுதினால் தினமும் கேட்கும் வார்த்தை இது. பழகாது. வாய் வழியாகக் கொடுக்கும் மருந்து உடம்பெல்லாம் சுற்றி நுரையீரலுக்குப் போகும். ஸ்பேசரும் (இன்ஹேலர் முனையில் மாட்டும் குழாய் போன்ற கூடு) மாஸ்கும் வைத்து இன்ஹேலர் கொடுத்தால் கொஞ்சம் மருந்தே நேராகப் போய்ச் சேரும். மருந்தை ஆவிபோல் கொடுக்கும் நெபுலைசர் மெஷினுக்காக ராத்திரியெல்லாம் அலைகிற பல குடும்பங்களுக்கு, வீட்டிலேயே ஸ்பேசர் வைத்து இன்ஹேலர் கொடுக்கத் தெரிந்தால் பாதி அலைச்சல் குறையும்.

இருமல் சிரப்பைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும். 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு சிரப்பைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் இருந்தது. ரெண்டு வயதுக்குள் இருமல் மருந்தே கூடாது, ஐந்து வயதுவரை பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய அரசும் அப்போது அறிவுறுத்தியது. சாதாரணச் சளி தானாகவே போய்விடும். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு ராத்திரி அரை ஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. நீங்கள் பார்க்க வேண்டியது மூச்சை. குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, முழுசாக ஒரு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். ரெண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40, இதைத் தொட்டாலோ தாண்டினாலோ, அல்லது விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலோ நிமோனியாவாக இருக்கலாம். இங்கேயும் எண்ணை நம்புங்கள்.

"ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குறான்." பிறந்த எடை ஒரு வயதில் மூன்று மடங்காகும், ரெண்டாம் வருஷத்தில் ரெண்டு ரெண்டரை கிலோதான் ஏறும். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறையும், அது இயல்பு. ஆனால் பால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் சோறு இறங்காது, இரும்புச்சத்தும் குறையும். பால் பாட்டிலையும் பத்து ரூபாய் நொறுக்குத்தீனி பாக்கெட்டையும் ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள், பசி வரும்.

ஆயாக்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எண்ணெய் தேய்த்து, கால் நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்டுங்கள், உங்கள் கைப்பக்குவம் எங்களுக்கு வராது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, குழந்தையின் மார்பை அழுத்திப் பால் பிதுக்குவது, ஆறு மாதத்துக்குள் தண்ணீரும் கிரைப் வாட்டரும் கொடுப்பது, இவற்றை மட்டும் விட்டுவிடுங்கள். கத்திரி வெயிலிலும் தாய்ப்பாலில் போதுமான தண்ணீர் இருக்கிறது. ஒரு நாளில் ஆறு தடவை ஒண்ணுக்குப் போனால் பால் பத்துகிறது என்று அர்த்தம்.

கடைசியாகத் தடுப்பூசி. புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடும், கக்குவான் இருமல் தடுப்பும் சேர்ந்த ஊசிக்கு ஜுரம் வருகிறதே, தனியாரில் வலியில்லாத ஊசி இருக்கிறதாமே என்று கேட்கிறார்கள். ஜுரமும் வீக்கமும் அதில் குறைவு, உண்மைதான். கக்குவான் இருமலுக்கு அதிக நாள் பாதுகாப்புத் தருவது ஜுரம் வரும் அந்த ஊசிதான். அதனால் காசு இல்லையே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். லேசான சளி இருந்தாலும் போடலாம். ஊருக்குப் போய்விட்டதால் ஒரு தவணை விட்டுப்போனால், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பலர் மறப்பது ஐந்து வயது பூஸ்டரை. அதனால் சளிக்கு வந்தாலும் தடுப்பூசி கார்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், எது விட்டுப்போயிருக்கிறது என்று அங்கேயே பார்த்துச் சொல்கிறேன்.