சாக்லேட் பை: நடு அடுக்கைக் கவனியுங்கள்

"ராத்திரி நல்லா கெட்டியா இருந்துச்சு, காலையில வெட்டினா குழம்பு மாதிரி ஓடுது." பல வருடம் பேக்கரியில் வேலை பார்த்துவிட்டு இப்போது பேக்கிங் சொல்லிக்கொடுக்கிற எனக்கு, அடுக்கு சாக்லேட் பை (pie) பற்றி அடிக்கடி வரும் புகார் இதுதான். செய்தவருக்கு உழைப்பு வீணான வருத்தம். எனக்கோ உடனே வேறொரு கவலை வந்துவிடும்: உள்ளே இருக்கிற முட்டை வெந்ததா இல்லையா?

இந்தப் பையில் மூன்று அடுக்கு. அடியில் மொறுமொறுப்பான மைதா ஓடு, நடுவில் பாலும் முட்டையும் சேர்த்துக் கிண்டிய சாக்லேட் கஸ்டர்ட், மேலே அடித்த கிரீம். எல்லாரும் ஓட்டுக்கும் மேல் அலங்காரத்துக்கும் மெனக்கெடுகிறார்கள், நடு அடுக்கை மட்டும் அவசரமாக அடுப்பிலிருந்து இறக்கிவிடுகிறார்கள். "இன்னும் கொதிச்சா முட்டை திரிஞ்சிடும்" என்ற பயம்தான் காரணம். சோள மாவு சேர்க்காத கஸ்டர்டுக்கு அந்தப் பயம் நியாயமானது, 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது திரியத் தொடங்கும். சோள மாவு சேர்ந்துவிட்டால் கதை வேறு, முட்டைப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதை மாவுச்சத்து தடுக்கும், அதனால் தைரியமாகக் கொதிக்க விடலாம். சொல்லப்போனால் கொதிக்க விட்டே ஆகவேண்டும். மஞ்சள் கருவில் அமைலேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது, அது மாவுச்சத்தை உடைக்கும். கொதிநிலைக்குப் போகாமல் இறக்கினால் அது செயலிழக்காமல் ஃபிரிட்ஜுக்குள்ளும் மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும், காலையில் கஸ்டர்ட் ஓடுவது அதனால்தான்.

23 சென்டிமீட்டர் அச்சுக்கு நான் எடுக்கும் கணக்கு: பால் 500 மில்லி, சர்க்கரை 100 கிராம், மஞ்சள் கரு 4, சோள மாவு 30 கிராம், பொடியாக நறுக்கிய டார்க் சாக்லேட் 150 கிராம். கரு, சர்க்கரை, மாவு மூன்றையும் கட்டியில்லாமல் அடித்துக்கொண்டு, சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கி, மறுபடி பாத்திரத்திலேயே விட்டு மிதமான தீயில் கிண்டுங்கள். முதலில் மேலே நுரை தெரியும், பிறகு நுரை அடங்கும், கரண்டி போன தடம் நிற்கும். பெரும்பாலானவர்கள் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். கிண்டுவதை ஒரு நொடி விட்டுப் பாருங்கள், அடியிலிருந்து ஒரு கனத்த குமிழ் மெல்ல எழும்பி 'ப்ளக்' என்று உடையும். அந்தக் குமிழுக்கு அப்புறம் இன்னும் ஒன்று, ஒன்றரை நிமிடம், அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருந்துவிட்டு இறக்குங்கள். முட்டை கலந்த உணவுக்குச் சொல்லப்படும் பாதுகாப்பான வெப்பம் 71 டிகிரி, கொதி வந்தபோதே அதைத் தாண்டியிருப்பீர்கள். இறக்கிய பிறகு சாக்லேட்டைப் போட்டுக் கலந்தால் அந்தச் சூட்டிலேயே உருகிவிடும்.

ஃபிரெஞ்ச் சில்க் பை என்று ஒரு வகை உண்டு. பழைய செய்முறையில் வெண்ணெய், சர்க்கரை, சாக்லேட்டோடு பச்சை முட்டையை அப்படியே அடித்துச் சேர்ப்பார்கள். பட்டு மாதிரி இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் பச்சை முட்டையில் இருக்கக்கூடிய சால்மொனெல்லா பாக்டீரியாவைச் சாக்லேட்டோ சர்க்கரையோ கொல்லாது. கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்கள் சாப்பிடப்போகிற மேஜைக்கு அதை நான் செய்து தரமாட்டேன். ஆசையாக இருந்தால் பாஸ்சரைஸ் செய்த, அதாவது கிருமி சாக இதமாகச் சூடாக்கிய முட்டை வாங்குங்கள், அல்லது முட்டையையும் சர்க்கரையையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து 71 டிகிரி வரும்வரை அடித்துக்கொள்ளுங்கள். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

அடி ஓடு பற்றி ஒன்றே ஒன்று: பச்சை மாவைக் குழந்தைகள் நக்க விடாதீர்கள், மைதாவும் வேகவைக்காத பொருள்தான், அதில் வயிற்றைக் கெடுக்கும் ஈ.கோலை பாக்டீரியா இருக்க வாய்ப்புண்டு. அச்சில் பரப்பிய மாவின் மேலே காகிதமும் கனத்துக்குப் பயறும் போட்டு 190 டிகிரி அவனில் 15 நிமிடம், அவற்றை எடுத்துவிட்டு நன்றாகப் பொன்னிறமாகும்வரை இன்னும் 10 நிமிடம் போல. ஆறியதும் உருக்கிய சாக்லேட்டை உள்பக்கம் மெல்லிசாகத் தடவினால் ஓடு ஊறாது.

வேகவைப்பதைவிட அதிகம் கோட்டைவிடுவது ஆற வைப்பதில். நான் வேலை பழகிய காலத்தில் ஒருநாள் ஆழமான பாத்திரம் நிறையக் கஸ்டர்ட் செய்து, மூடி போட்டு மேடையிலேயே வைத்துவிட்டோம். மூன்று மணி நேரம் கழித்துத் தெர்மாமீட்டரைக் குத்தினால் ஓரம் ஆறியிருக்கிறது, நடுவில் மட்டும் 45 டிகிரி. மொத்தத்தையும் கொட்டினோம், இன்றைக்கும் அந்தப் பாத்திரம் என் கண்ணில் நிற்கிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் பாக்டீரியா வேகமாகப் பெருகும். அதனால் பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து, வெதுவெதுப்பாகும்வரை மெதுவாகக் கிளறி, ஓட்டில் ஊற்றி, ஏடு படியாமல் பிளாஸ்டிக் தாளை மேற்பரப்பைத் தொடும்படி ஒட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரிட்ஜ் 4 டிகிரியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். முழுசாகக் குளிர்ந்தபின் தொட்டுக் கிளறாதீர்கள், கட்டு விட்டுவிடும்.

நாலைந்து மணி நேரம் கழித்துக் கிரீம். கிரீமும் கிண்ணமும் சில்லென்று இருந்தால்தான் நிற்கும். விரலில் வெட்டுக்காயமோ கொப்புளமோ இருந்தால் இந்த அடுக்கை வேறு யாராவது செய்யட்டும், ஏனென்றால் இதற்கு மேல் வேகவைக்கும் வேலையே கிடையாது. காயத்திலிருந்து ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா இறங்கினால் அது உண்டாக்கும் நச்சு சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தியில் கொண்டுபோய் விடும்.

பரிமாற வெளியே எடுத்தால் மொத்தமாக 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், நல்ல வெயில் காலமென்றால் ஒரு மணி நேரம் போதும். மீதியை மூடி வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். முகர்ந்து பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு செய்ய வேண்டாம், சால்மொனெல்லாவுக்கு வாசனை கிடையாது.