ரெவ்பார்: காலி அறையில் எங்கிருந்து வருவாய்?

நகரச் சுற்றுலா பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றில் அண்மையில் ஒரு வரி கண்ணில் பட்டது: ‘காலி அறைகள் மூலம் கிடைக்கும் வருவாய் உயர்ந்துள்ளது.’ இரண்டு முறை படித்துப் பார்த்தேன். காலியாகக் கிடக்கும் அறை யாருக்கு வருவாய் தரும்? மூலத்தில் இருந்த சொல் ‘ரெவ்பார்’ என்று புரிந்த பிறகுதான் குழப்பம் தீர்ந்தது. ஒரு நகரத்தின் விடுதிச் சந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டால், அந்தத் தொழிலில் இருப்பவர்கள் முதலில் சொல்வது இந்த எண்ணைத்தான்.

‘ரெவென்யூ பெர் அவேலபிள் ரூம்’ என்பதன் சுருக்கம் ரெவ்பார். இதில் ‘ரெவென்யூ’ பிரெஞ்சு வழி வந்த சொல். ‘திரும்பி வருதல்’ என்று பொருள்படும் வினைதான் அதன் வேர். நம்முடைய ‘வருவாய்’க்குள்ளும் ‘வருதல்’ இருக்கிறது. வரும் வாய், அதாவது வரும் வழி. இரு மொழிகளும் பணத்தை ஒரே விதமாகப் பார்த்திருக்கின்றன. இந்தப் பகுதியை மொழிபெயர்ப்பதில் சிக்கலே இல்லை.

சிக்கல் எல்லாம் ‘அவேலபிள்’ என்ற சொல்லில்தான். இதன் வேர், வலிமையையும் மதிப்பையும் குறிக்கும் ஓர் இலத்தீன் வினை. ‘வேல்யூ’வும் அதே வேரில் கிளைத்தது. பயன்படக்கூடியது, கைவசம் உள்ளது என்பதே ‘அவேலபிள்’ என்பதன் அடிப்படைப் பொருள். அறை கேட்டு வருபவருக்கு அது ‘இன்னும் போகாமல் இருக்கும் அறை’. விடுதியின் கணக்கிலோ, அன்றிரவு விற்பதற்கென்று இருந்த அறைகள் அத்தனையும் ‘அவேலபிள்’தான், விற்றதும் சேரும், விற்காததும் சேரும். இந்த வேறுபாடு தெரியாமல் போனால் ‘காலி அறை வருவாய்’ என்ற விபரீதம் பிறக்கிறது. ‘கிடைக்கும் அறை’ என்று எழுதுபவர்களும் உண்டு. அதுவும் பாதிக் கிணறுதான். ‘கிடைக்கும்’ என்றாலே இன்னும் யாரும் எடுக்காதது என்றுதான் மனம் கொள்கிறது.

100 அறை உள்ள விடுதியை எடுத்துக்கொள்வோம். நள்ளிரவுக்குப் பின் இரவுக் கணக்காளர் அன்றைய கணக்கை முடிக்கிறார். 80 அறைகளில் ஆள் இருக்கிறார்கள். சராசரி வாடகை 200. நாணயம் எதுவாகவும் இருக்கட்டும். அறை வருவாய் 16,000. அதை 80-ஆல் வகுத்தால் சராசரி அறை வாடகையான 200 திரும்பக் கிடைக்கும். 100-ஆல் வகுத்தால் 160. இதுதான் ரெவ்பார். மேலே இருக்கும் எண் மாறவில்லை, கீழே வகுக்கும் எண்தான் மாறுகிறது. பூட்டியே கிடந்த அந்த 20 அறைகளும் கணக்கில் வந்தே ஆக வேண்டும். ஏனென்றால் இன்று விற்காத இரவை நாளைக்கு எடுத்து வைத்து விற்க முடியாது. குழாய் பழுதாகி நாலு நாள் மூடிய அறையைக்கூட விடுதித் தொழிலின் பொதுக் கணக்குமுறை கழிக்க விடுவதில்லை. பல மாதம் தொடர்ந்து மூடினால்தான் கழிக்கலாம். இந்தக் கணக்குமுறை 1926-இல் நியூயார்க்கில் முதன்முதலாக வெளியிடப்பட்டு, அவ்வப்போது திருத்தப்பட்டு இன்றும் வழக்கில் இருக்கிறது.

வகுக்கும் எண் எவ்வளவு முக்கியம் என்பதை 2020 காட்டியது. பெருந்தொற்றில் ஏராளமான விடுதிகள் தற்காலிகமாகக் கதவை மூடின. திறந்திருந்தவற்றை மட்டும் கணக்கிட்டால் சந்தையின் நிலை உண்மையைவிட மேலாகத் தெரிந்தது. அதனால், 1985-இல் தொடங்கப்பட்ட விடுதிப் புள்ளிவிவர நிறுவனமான எஸ்.டி.ஆர்., மூடிய விடுதிகளின் அறைகளையும் சேர்த்து வகுத்த இன்னோர் எண்ணையும் வெளியிட்டது.

தமிழ் வாசகருக்கு இதில் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. நம் பேச்சில் ‘ஓட்டல்’ என்றால் முதலில் சாப்பாடுதான். ‘ஓட்டல் வருவாய்’ என்று எழுதினால் இட்லி விற்ற காசு என்றே பலர் நினைப்பார்கள். ரெவ்பாரில் உணவு வருவாய், மண்டப வாடகை எதுவும் சேராது. அறை வாடகை மட்டும்தான். ஆகவே இந்த இடத்தில் ‘விடுதி’யே சரி. ‘விடு’ என்பதிலிருந்து வந்த சொல். பயணத்தை நிறுத்தித் தங்கும் இடம்.

ரெவ்பாருக்கு என் பரிந்துரை ‘அறைவீத வருவாய்’. ‘ஆளுக்கு இரண்டு வீதம்’ என்றால் இருக்கும் ஆட்கள் எல்லோரையும் எண்ணித்தானே பங்கிடுகிறோம்? அதே பொருள் இங்கே இயல்பாக வந்து உட்காருகிறது. ‘விற்பனைக்குரிய அறை ஒன்றுக்கான வருவாய்’ என்பது இன்னும் துல்லியம், ஆனால் நீளம். முதல் முறை அப்படி விளக்கிவிட்டு, பிறகு ‘அறைவீத வருவாய்’ என்று தொடரலாம். ‘அறை நிரம்பல் விகித’த்தைச் சராசரி வாடகையால் பெருக்கினாலும் இதே எண்தான் வரும்: 80 விழுக்காடு, 200, ஆக 160.

இதே 160 வேறு வழியிலும் வரலாம். 64 அறைகளை 250 வீதம் விற்றாலும் 16,000தான். ஆனால் 16 அறைகளுக்குத் துணி துவைக்க வேண்டாம், சோப்பு வைக்க வேண்டாம், முகவர் தரகும் இல்லை. எனவே முதலீட்டாளர் அறைவீத வருவாய் ஏறியது என்று கேட்டதும், ஆள் கூடியதா, வாடகை கூடியதா என்றுதான் அடுத்து கேட்பார். வாடகையால் ஏறியது என்றால் அதில் பெரும்பகுதி லாபமாகத் தங்கும்.

நகரங்கள் விஷயத்தில் அவர் இன்னொன்றும் பார்ப்பார்: புதிய அறைகள் எத்தனை வரப்போகின்றன? பயணிகள் பெருகினாலும் அறைகள் அதைவிட வேகமாகப் பெருகினால் அறைவீத வருவாய் இறங்கும். பார்சிலோனா 2017-இல் நகர மையத்தில் புதிய விடுதிகளுக்குத் தடை போட்டது. ஆம்ஸ்டர்டாம் 2024-இல், ஒரு விடுதி மூடினால்தான் இன்னொன்று திறக்கலாம் என்றது. மக்கள் நெரிசலைக் குறைக்கவே இந்த விதிகள் வந்தன. ஆனால் அங்கே ஏற்கெனவே விடுதி வைத்திருப்பவருக்கு வகுக்கும் எண் அப்படியே நின்றுவிடுகிறது. அவர் சொத்தின் விலையை அது தாங்கிப் பிடிக்கிறது.

அந்த விலையையும் இத்தொழிலில் பல நேரம் அறைக்கு இவ்வளவு என்று சொல்லாமல், ‘சாவிக்கு’ இவ்வளவு என்றே பேசுகிறார்கள். ‘200 சாவி’ என்றால் 200 அறை. ‘சாவி’ போர்த்துகீசியத்திலிருந்து நமக்கு வந்த சொல். பழைய தமிழ்ச் சொல் திறவுகோல். விலைப் பேச்சில் ‘சாவி’ என்றே எழுதலாம், யாருக்கும் உறுத்தாது.

ரெவ்பாரின் உடன்பிறப்புகளும் இதே அச்சில் தமிழுக்கு வந்துவிடும். உணவும் மண்டபமும் சேர்ந்த ‘ட்ரெவ்பார்’, அறைவீத மொத்த வருவாய். செலவு போக மிஞ்சுவதைச் சொல்லும் ‘கோப்பார்’, அறைவீத இயக்க லாபம்.