மறதியின் விளிம்பில் நிற்கும் சொல்

திண்டுக்கல் அருகே செவிலியர் படிப்பில் சேர்ந்திருக்கும் ஒரு மாணவி எழுதிய கடிதம் இந்தக் கட்டுரைக்குக் காரணம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த அவர், தினமும் இருபது ஆங்கிலச் சொற்களை நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலமும் வலப்பக்கம் தமிழுமாக எழுதி, இரவில் ஐந்து முறை வாசித்துவிட்டுத் தூங்கப் போகிறார். "வாசிக்கும்போது எல்லாம் தெரிகிறது. ஒரு வாரம் கழித்து யாராவது கேட்டால் பாதிகூட வரவில்லை. எனக்கு ஞாபகசக்தி குறைவா? டானிக் ஏதாவது சாப்பிடலாமா?" என்று கேட்டிருக்கிறார். அவருடைய மூளை ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. மாற வேண்டியது அந்த ஐந்து முறை வாசிப்பு.

எந்தச் சொற்களைப் படிப்பது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவரும், வங்காள மாணவர்கள் ஆங்கிலம் படிக்கப் படும் பாட்டை அருகிலிருந்து பார்த்தவருமான மைக்கேல் வெஸ்ட், மிகுதியாகப் புழங்கும் சுமார் 2,000 சொற்களின் பட்டியலை 1953இல் வெளியிட்டார். பொதுவான ஆங்கில எழுத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை இந்த அளவுச் சொற்களே நிரப்பிவிடுகின்றன. அகராதியின் உதவியில்லாமல் நாவலும் செய்தித்தாளும் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு அடிச்சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவைப்படும் என்று நியூசிலாந்தின் மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். நாளுக்கு இருபது வீதம் படித்தால் 450 நாட்களில் முடிந்துவிடும் வேலைதான் இது, படித்தவை தங்குமானால்.

தங்குவதைப் பற்றி முதலில் அளந்து பார்த்தவர் ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்பதை 1885இல் வெளியிட்டார். மறதி முதல் ஒரு மணி நேரத்தில் மிக வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்பது பள்ளிப் பாடத்திலேயே பலரும் கேள்விப்பட்டதுதான். அதே நூலில் இருக்கும் இன்னொரு கணக்கைத்தான் பலர் கவனிப்பதில்லை. பன்னிரண்டு அசைகள் கொண்ட வரிசையை ஒரே அமர்வில் 68 முறை சொல்லிப் பெற்ற பலனை, மூன்று நாட்களுக்குப் பிரித்துச் சொன்னபோது 38 முறையிலேயே அவர் பெற்றுவிட்டார். உழைப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. நடுவே சில இரவுகள் கடந்தன, அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதற்குப் பல ஆண்டுகள் கழித்து நடந்தது. ஜெஃப்ரி கார்ப்பிக்கி, ஹென்றி ரோடிகர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்குக் கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலியின் 40 சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்பித்தார்கள். மஷுவா என்றால் படகு, இப்படி நாற்பது. பட்டியலைப் படிப்பது, பிறகு பொருளைக் கேட்டுச் சோதிப்பது என்று மாறி மாறி நடந்தது. மாணவர் ஒரு சொல்லின் பொருளை ஒருமுறை சரியாகச் சொன்னதும் அந்தச் சொல்லை என்ன செய்வது என்பதில்தான் குழுக்கள் வேறுபட்டன. ஒரு குழுவில் அந்தச் சொல்லை மீண்டும் படிக்கக் கொடுத்தார்கள், மீண்டும் கேட்கவில்லை. இன்னொரு குழுவில் மீண்டும் கேட்டார்கள், படிக்கக் கொடுக்கவில்லை. வேறொரு குழு இரண்டையும் செய்தது, மற்றொன்று இரண்டையும் செய்யவில்லை. அன்றைய முடிவில் எல்லாக் குழுக்களுமே ஏறக்குறைய நாற்பது சொற்களையும் சொல்லிவிட்டன.

ஒரு வாரம் கழித்து அவர்களைத் திரும்ப அழைத்துக் கேட்டபோது, தொடர்ந்து கேட்கப்பட்ட இரண்டு குழுக்களும் சுமார் 80 விழுக்காடு சொற்களைச் சொன்னார்கள். கேட்பது நிறுத்தப்பட்ட இரண்டு குழுக்களும் 36, 33 விழுக்காட்டோடு நின்றுவிட்டார்கள். அந்த 36 விழுக்காட்டுக் குழு சொற்களை விடாமல் மீண்டும் மீண்டும் படித்த குழு என்பதுதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. அவ்வளவு படிப்பும் சேர்த்துத் தந்தது மூன்றே விழுக்காடு. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முதல் நாளில் கேட்டபோது, நான்கு குழுவினருமே பாதியளவு இருக்கும் என்றுதான் ஊகித்திருந்தார்கள். எது மனத்தில் தங்கும் என்பது படிக்கிறவருக்கு உள்ளிருந்து தெரிவதில்லை. நம் மாணவி "வாசிக்கும்போது எல்லாம் தெரிகிறது" என்று எழுதியது இதனால்தான். கண்ணுக்கு எதிரே விடை இருக்கும்போது வரும் தெளிவு, விடை இல்லாதபோது வரும் என்பதற்கு உறுதி இல்லை.

இதை விளக்க ராபர்ட் பியார்க், எலிசபெத் பியார்க் என்ற உளவியலாளர்கள் நினைவுக்கு இரண்டு வலிமைகள் உண்டு என்று முன்வைத்தார்கள். ஒரு சொல் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பது ஒன்று; இந்த நொடியில் அது எவ்வளவு எளிதாக நாவுக்கு வருகிறது என்பது மற்றொன்று. சற்று முன் வாசித்த சொல் எளிதில் வரும், ஆகவே அதை எடுப்பதால் பதிவு அதிகம் ஆழமாவதில்லை. நழுவத் தொடங்கிவிட்ட சொல்லை, நாக்கின் நுனியில் தட்டுப்பட்டும் வராமல் நிற்கும் சொல்லை, சில நொடிகள் முயன்று வெளியே கொண்டுவரும்போதுதான் பதிவு பெருமளவு ஆழமாகிறது. நான் இதைக் கிணற்றடியில் கற்றவன். தண்ணீர் கீழே போன கோடையில் இழுத்த வாளியின் கனம் என் தோளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஐப்பசியில் குனிந்து மொண்ட தண்ணீர் நினைவில்லை.

இதைச் செய்து பார்க்கச் செருப்புக்கடை அட்டைப்பெட்டி ஒன்று போதும். ஜெர்மானியப் பத்திரிகையாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972இல் பரப்பிய முறை இது. பெட்டியை ஐந்து அறைகளாகத் தடுத்துக்கொள்ள வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டிச் செய்த அட்டையின் முன்பக்கம் "நோயாளி ஊசி போட்டுக்கொள்ளத் தயங்கினார்" என்று தமிழில் எழுதி, "தயங்கினார்" என்பதன் கீழ் கோடிட வேண்டும். பின்பக்கம் "ரிலக்டன்ட்" என்ற சொல்லை அது வரும் ஆங்கில வாக்கியத்தோடு எழுத வேண்டும். முன்பக்கத்தைப் பார்த்து, ஆங்கிலச் சொல்லை வாய்விட்டுச் சொன்ன பிறகே அட்டையைத் திருப்பலாம். சரியானால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரத்துக்கு ஒருமுறை, நான்காவதை இரு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும். ஆன்கி என்ற இலவச மென்பொருள் இதே வேலையைக் கணினியில் செய்கிறது.

டானிக் பற்றிய கேள்விக்கும் வெளிப்படையாகப் பதில் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பணத்தில் அட்டை வாங்குங்கள். நடுமூளையைத் தூண்டிவிடுவதாகச் சொல்லிப் பிள்ளைகளின் கண்ணைக் கட்டி நடத்தும் வகுப்புகளுக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் செலுத்தும் பெற்றோரைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. நடுமூளை கண்ணசைவு, உடலசைவு போன்றவற்றில் பங்கு கொள்ளும் பகுதி. சொற்களைச் சேர்த்து வைக்கும் இடமே இல்லை. சுவாஹிலிச் சோதனையைப் போன்ற ஒன்றை நம் அரசுப் பள்ளிகளில், நம் பாடநூல் சொற்களை வைத்துப் பெரிய அளவில் நடத்த விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பல்கலைக்கழகங்கள் அதற்கு நிதி ஒதுக்குவது தமிழ்வழி மாணவர்களுக்குச் செய்யும் நியாயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மறதி எவ்வளவு தூரம் போக விடலாம் என்று கேட்டால், பாரிக் குடும்பத்தைச் சொல்வேன். உளவியலாளர் ஹாரி பாரிக்கும் அவர் குடும்பத்தினர் மூவரும் தாங்களே மாணவர்களாகி, ஆளுக்கு 300 அயல்மொழிச் சொற்களைப் படித்து, 1993இல் முடிவை வெளியிட்டார்கள். சில சொற்களை 14 நாளுக்கு ஒருமுறையும், சிலவற்றை 28 நாளுக்கு ஒருமுறையும், சிலவற்றை 56 நாளுக்கு ஒருமுறையும் எடுத்துப் பார்த்தார்கள். 56 நாள் இடைவெளி விட்டவை ஒவ்வொரு முறையும் கூடுதலாக மறந்துபோயிருந்தன, கற்பதும் தாமதமாயிற்று. ஆனாலும், படிப்பை நிறுத்திய பின் ஐந்து ஆண்டுகள் வரை சோதித்துப் பார்த்தபோது, 56 நாள் இடைவெளியில் 13 முறை எடுத்த சொற்கள், 14 நாள் இடைவெளியில் 26 முறை எடுத்த சொற்களுக்கு நிகராக நினைவில் நின்றிருந்தன.