டெக்சா ரிப்போர்ட் நார்மல், எலும்பு?

பல வருடங்களாகச் சர்க்கரை உள்ள, மாதவிடாய் நின்ற பெண்கள் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டி, "எலும்பு நன்றாக இருக்கிறதாம் டாக்டர்" என்பார்கள். நான் உடனே தலையாட்டுவதில்லை.

ஆரோக்கியமான இளம் வயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை. ஆனால் இரண்டாம் வகை நீரிழிவில், அதுவும் உடல் பருமனோடு இருப்பவர்களுக்கு, இந்த எண் பெரும்பாலும் நன்றாகவே வரும். எலும்பு முறிவு மட்டும் மற்றவர்களைவிட அதிகம். முருங்கைக் கிளை பார்வைக்குப் பருமன்தான், கால் வைத்தால் தெரியும் அதன் பலம்.

ஸ்கேன் அளப்பது தாதுவை மட்டுமே. எலும்பில் கொலாஜன் என்ற புரதமும் உண்டு. வருடக்கணக்கில் ரத்தத்தில் மிகுந்த சர்க்கரை அதில் ஒட்டி, வளையும் தன்மையைக் கெடுக்கிறது. பழைய எலும்பு கரைந்து புதியது உருவாகும் வேலையும் மந்தமாகிறது. நுண்ணிய விரிசல்கள் சரியாவதில்லை. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறையும் காலத்தில் எலும்பும் தேய்கிறது, வயிற்றில் கொழுப்பும் சேர்கிறது. இரண்டும் ஒரே வயதில் வந்து சேர்வதுதான் சங்கடம்.

அதனால்தான் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல், சர்க்கரை உள்ள முதியவர்களுக்கு டி-ஸ்கோர் மைனஸ் 2.0-லேயே எலும்புக்கான மருந்தைப் பரிந்துரைக்கச் சொல்கிறது. முறிவு அபாயத்தைக் கணக்கிடும் ஃபிராக்ஸ் கணிப்பானிலோ இரண்டாம் வகை நீரிழிவுக்கென்று தனிக் கட்டமே இல்லை; அதற்குப் பதில் முடக்குவாதக் கட்டத்தை டிக் செய்து சமாளிக்கிறோம்.

என் அனுபவத்தில் ஸ்கேனுக்கு முன்பே துப்புக் கொடுப்பது புடவை. வழக்கமாகக் கட்டும் புடவை தரையில் புரள ஆரம்பித்தால் உயரத்தை அளந்து பாருங்கள். வலியே இல்லாமல்கூட முதுகெலும்பு நசுங்கி உயரம் குறையும். வலித்தாலும் வாயு என்று தைலம் தேய்த்துவிடுவார்கள். பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்றே விஷயத்தைச் சொல்லிவிடும்.

மாத்திரைச் சீட்டையும் கொண்டு வாருங்கள். பையோகிளிட்டசோன் பெண்களுக்கு எலும்பு முறிவைக் கூட்டும் சர்க்கரை மருந்து. தானாக நிறுத்தாமல், மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இன்சுலினோ சில சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்கள் இரவில் தாழ்சர்க்கரையோடு, மரத்துப்போன பாதத்தோடு கழிப்பறைக்கு எழுந்தால் விழுவது எளிது.

கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதையே டம்ளர் டம்ளராகக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை எகிறும். கீரை சேர்த்த அடை மேல். நடைப்பயிற்சி நல்லது, ஆனால் போதாது. தசைக்கும் வேலை வேண்டும். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாதவர்களை முதலில் பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்புகிறேன். கால்சியம் மாத்திரை பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.